தெற்கு மூலை ஸ்பிரிங்

ஜூன் 9, திங்கள்
கல்லுடைக்கும் கிரஷர் ஓடும்போது, அதை இயக்கும் என் பேனல் அறை மேசையில் டீ டம்ளர் நிற்காது. நகர்ந்து நகர்ந்து ஜன்னல் பக்கம் போகும். இன்று கதவுப் பக்கம் போனது. மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. சாயங்காலம் இனியனிடம் சொன்னேன். வீட்டில் கணவர், அங்கே ஃபிட்டர். சிரித்தார்.

ஜூன் 10
இன்று சிரிக்கவில்லை. ஜல்லி சலிக்கும் அந்தப் பெரிய இரும்புச் சல்லடை நான்கு மூலையிலும் ஸ்பிரிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தெற்கு மூலை ஸ்பிரிங்கில் அடிச்சுற்று உடைந்துவிட்டது.
மேனேஜர் பரணிதரன் வந்து பார்த்தார். "புது ஸ்பிரிங் வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் மூடி வைக்க முடியுமா? லாரி டயரை வெட்டி முட்டு குடுப்பா."

ஜூன் 12
இனியன் டயரை வெட்டி, நான்கு துண்டாக அடுக்கி, அந்த மூலையில் செருகிவிட்டார். "ரப்பர்தான, அன்பு. அதுவும் அதிர்ச்சிய வாங்கிக்கும்."
வாங்கிக்கொள்ளும். ஆனால் ஸ்பிரிங் போல எழும்பாதே. மூன்று மூலை துள்ளுகிறது, ஒரு மூலை செத்துக் கிடக்கிறது.
பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும் கண்ணாயிரம் அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கால் ஒடஞ்ச மாடு மாறி நொண்டிகினு கீது" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சில் பெஞ்சு ஆடுவதுபோல் இருந்தது. கையால் பிடித்துப் பார்த்தேன். ஆடவில்லை.

ஜூன் 17
ஓடும்போதுகூட பயமில்லை. நிறுத்தும்போதுதான். நான் பட்டனை அமுக்கிய பிறகு வேகம் குறைந்துகொண்டே வரும்; நிற்பதற்குச் சற்று முன்னால் சல்லடை மொத்தமும் ஒரு ஆட்டு ஆடும். எப்போதும் ஆடுவதுதான், ஸ்பிரிங் நான்கும் சேர்ந்து அதை அடக்கிவிடும். இப்போது ஒரு பக்கம் தூக்கி, தொப்பென்று விழுகிறது. சல்லடையை ஒட்டி ஆள் நடக்கும் நடைபாதையின் கைப்பிடிக் கம்பி வளைந்துவிட்டது.
வீட்டில் சண்டை. அடுத்த மாதம் இனியனை சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறாராம். "வாய மூடிகினு பட்டன அமுக்கு."
அமுக்குவது நான்தானே. அதனால்தானே கேட்கிறேன்.

ஜூன் 19
காலையில் ஓட்ட மாட்டேன் என்றேன். மேனேஜர் கோபப்படவில்லை. "பயமா இருந்தா வீட்டுக்குப் போம்மா. வேற ஆள் போட்டுக்கறேன்." சாதாரணமாகத்தான் சொன்னார்.
நான் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஏன் உட்கார்ந்தேன்?

ஜூன் 21
டயர்த் துண்டு ஒரு சாண் வெளியே வந்திருக்கிறது. இனியன் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளினார்.

ஜூன் 24
நிறுத்துவதற்கு முன், ஆட்கள் விலகச் சைரன் அடித்தேன். மூன்று முறை. அடித்தேன். கர்த்தரே, நான் அடித்தேன்.
டயர் நழுவிவிட்டது. சல்லடை சரிந்து நடைபாதையில் இடித்தது. கண்ணாயிரம் அண்ணன் அங்கே நின்றிருக்கிறார் — யாருமே நிற்காத நேரத்தில். இடது கால் இரும்புக்கும் கம்பிக்கும் நடுவில்.
எழுத முடியவில்லை.

ஜூன் 26
செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி அம்சா அண்ணி டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.
"சைரன் காதுல வுழுந்திச்சிம்மா. இனியன்தான், நிறுத்தும்போது டயர் எப்பிடி நழுவுதுன்னு நின்னு பாக்கச் சொன்னான். அவன ஒண்ணும் சொல்லிடாத. அவன் இன்னா வேணும்னா செஞ்சான்?"
இனியன் இதை என்னிடம் சொல்லவே இல்லை. இரண்டு நாளாகத் தட்டிலேயே பார்வையை வைத்தபடி சாப்பிடுகிறார்.

ஜூலை 1
ஆபீசில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். பேனல் ஆபரேட்டர் அன்பரசி சைரன் அடிக்காமல் இயந்திரத்தை நிறுத்தியதால் விபத்து. ஸ்பிரிங் பற்றி ஒரு சொல் இல்லை. கீழே, சாட்சி: இனியன். அவர் கையெழுத்துதான்.
தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, "என்னாங்க இது?" என்று கேட்டேன்.
"உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம். ஒரு மாசம் வூட்ல இருன்னாங்க, அவ்ளோதான். நமக்குச் சோறு வேணாமா அன்பு?"
நான் கையெழுத்துப் போடவில்லை. தாளை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 3
அம்சா அண்ணியைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த ஸ்பிரிங், வளைந்த கம்பி, நான் மாட்டேன் என்றது, மறுபடி உட்கார்ந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டே வந்தார்.
"டயரை வெட்டி வெச்சது யாரு?"
அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள். இனியன் செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.
"மேனேஜர் வெக்கச் சொன்னாரு சார். வெச்சது என் வூட்டுக்காரர். அண்ணன அங்க நிக்கச் சொன்னதும் அவருதான்."
அண்ணி கையை எடுத்துக்கொண்டாள்.
செய்யூர் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். என் ஊர் வந்ததுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். அவள்தான் எழுந்து வந்து தோளைத் தொட்டாள்.
"எறங்கும்மா. உன் ஊரு வந்துட்ச்சி."