குளிர் அறை எரிந்த பிறகு

கோவிலம்பாக்கம்,
ஜூன் 3, 2024

அன்புள்ள ஜெயப்ரியா,

உன் போன் இரண்டு வாரமாக அணைந்தே கிடக்கிறது, அதனால்தான் தபால். கலவரத்தில் அடிபட்ட உன் வீட்டுக்காரர் எத்திராஜின் கை தேவலையா?

மீன் கெடாமல் வைக்க இரண்டு குப்பத்துப் பெண்களும் சேர்ந்து நடத்திய குளிர் அறை. சோலார் தகடுகள் வந்திறங்கிய அன்று நீயும் தெற்குக் குப்பத்துக் கிளியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினீர்கள். அது எரிந்துபோய்விட்டதே. அறையைக் கட்டிக்கொடுத்த எங்கள் தொண்டு நிறுவனத்தில் அறிக்கை கேட்கிறார்கள். வெளியாள் யாரோ பரப்பிய வதந்திதான் காரணம் என்று எழுதப் போகிறேன். சரிதானே? ஒரு வரியாவது போடு.

உன் அக்கா,
அபிகாயில்

வடக்குக் குப்பம், கேளம்பாக்கம் வழி,
ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் கை கூடி வருகிறது. போன் கெட்டுப்போகவில்லை. தொடத்தான் கூசுகிறது.

வெளியாள் இல்லை, அக்கா. நான்தான்.

படகு நிறுத்தும் இடத்துக்காக இரண்டு குப்பத்துக்கும் தகராறு, அறை எரிந்ததற்கு முதல் நாள்தான் நடந்திருந்தது. மறுநாள் மதியம் தெற்குக் குப்பத்து ஆட்கள் கேனோடு அறைப் பக்கம் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "நம்ம ரூமைக் கொளுத்த வராங்க, ஓடியாங்க" என்று எங்கள் குப்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கேனில் இருந்தது அறையின் ஜெனரேட்டருக்கு ஊற்ற எடுத்து வந்த டீசல். எங்கள் ஆட்கள் கட்டையோடு ஓடி அடித்தார்கள். கிளியம்மாள் புருஷனுக்குத் தலையில் ஏழு தையல். பதிலுக்கு அங்கிருந்து கூட்டம் வந்தது. ஒரு மணி நேரத்தில் நான் எழுதியது நிஜமாகிவிட்டது.

போலீஸ் கேட்டபோது "எனுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.

ஐஸ் லாரிக்காரர் பயந்து இந்தப் பக்கமே வருவதில்லை. பிடித்த மீனை வந்த விலைக்குத் தள்ளுகிறோம். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜெயப்ரியா

கோவிலம்பாக்கம்,
ஜூன் 18

ஜெயப்ரியா,

மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

இன்னும் ஐந்து குப்பங்களுக்கு வரவிருந்த அறைகளை நிறுத்திவிட்டார்கள். "எப்ப அடிதடி வரும்னே தெரியாத இடத்துல எதைக் கட்டினா நிக்கும், மேடம்?" என்றார் எங்கள் மேலாளர் ஸ்ரீநிவாசராகவன்.

அறிக்கையில் உன் பெயரை எழுதவில்லை. மறைத்ததில் எனக்கும் வெட்கம்தான். ஆனால் நீ இதைச் சொல்ல வேண்டியது என்னிடம் அல்ல, அம்மா. உனக்காக ஜெபிக்கிறேன்.

அபிகாயில்

வடக்குக் குப்பம்,
ஜூன் 27

அன்புள்ள அக்கா,

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போது வர வேண்டுமாம்.

அங்கிருந்து நேராகக் கிளியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எம் நம்பரு உங்கிட்ட கீதுல்ல? கேன்ல இன்னா கீதுன்னு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா இன்னாடி?" என்றாள்.

தினமும் காலையில் நான் முதலில் போனில் பேசிவந்தது அவளோடுதான், அக்கா. குழுவில் அதைப் போட்ட அன்று அவள் ஞாபகமே எனக்கு வரவில்லை.

ஜெயப்ரியா