தொடாத தொடுகோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான்.

கம்ப்யூட்டரில் சாய்கோடு போடுவது எளிது. கோணத்தை எழுதினால் போதும். வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுப் போகிற தொடுகோடுதான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. நேற்று கண்மதிப்பில் போட்டுவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவே இடைவெளி. அதற்குள் பட்டறையில் என் படத்தை வைத்து இரும்புத் தகட்டை வெட்டிவிட்டார்கள், தகடு வீண்.

"கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார் சூப்பர்வைசர். என் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்து, என்னைத் தகடு தூக்க அனுப்பிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று கேட்கவும் தைரியமில்லை. கவலைப்படாதே, நன்றாகப் பசிக்கிறது. அண்ணன் கேட்டால் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறேன் என்று சொல்.

யாராவது வந்தால் உன் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. கையில் சுற்றிக்கொள்ளத்தான், காயமெல்லாம் இல்லை. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

மணி அடித்துவிட்டது.

உன் சின்னவன்