பில் யார் பெயரில்?

1935 ஜூன் 11, சூலூர்

இருநூறு ஜோடி காலுறைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. கோயமுத்தூரில் விடுதியோடு நடக்கும் ஒரு பள்ளிக்கூடம். கடிதத்தின் கடைசி வரி: பில் எந்தப் பெயரில் வரும் என்று தெரிவிக்கவும். ஆறு மாதமாக உள்ளறையில் தனியாக உட்கார்ந்து காலுறை பின்னும் மிஷினின் கைப்பிடியைச் சுற்றுகிறேன். இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஜூன் 13

அண்ணன் கடிதத்தைப் படித்தார். "பொம்பளப் புள்ள பேருல பில்லுப் போனா எவன் மதிப்பான் அம்மணி? என்ற பேருல, அப்புசாமி அண்டு கோன்னு போட்டுப்போடு. நானும் ஒரு பாகஸ்தன்."

மிஷின், அப்பா எனக்கென்று எழுதிவைத்த பணத்தில் வாங்கியது. லாபத்தில் பங்கு போனால் போகட்டும். நாளைக்கு யாருக்குப் பின்னுவது, எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்வார். அப்புறம் நான் யார், கூலிக்காரியா?

ஜூன் 17

பஸ்ஸில் கோயமுத்தூர் போய், அப்பாவுக்குப் பழக்கமான வக்கீலைப் பார்த்தேன். மூன்று வழி சொன்னார். தனியாக நடத்தினால் எங்கும் பதிய வேண்டாம். லாபமும் நஷ்டமும் என் தலையில். கூட்டு என்றால் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்வது நல்லது. லிமிடெட் கம்பெனி என்றால் நஷ்டம் போட்ட முதலோடு நிற்கும். ஆனால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், வருஷாவருஷம் கட்டணம், காகிதம்.

"ஒரு மிஷினுக்கு அது, ஆட்டுக்குட்டியக் கட்ட யானைச் சங்கிலி வாங்கற மாதிரிம்மா" என்று சிரித்தார்.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. 'நஷ்டமும் என் தலையில்' என்பது எனக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது?

ஜூன் 18

அம்மாவிடம் மூன்றையும் சொன்னேன். "சாமிகிட்டப் பூப்போட்டுக் கேட்டறலாம் கண்ணு. ஆனா செவப்பு, வெள்ளைன்னு ரெண்டு பூவுதான். மூணாவதுக்கு எங்க போறது?"

லிமிடெட் கம்பெனி அத்தோடு ஒழிந்தது.

ஜூன் 21

மாரியம்மன் கோவில். வெள்ளை அரளி வந்தால் கூட்டு, சிவப்பு வந்தால் தனி. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை.

அண்ணன் பெருமையாக விபூதி பூசிக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரல. பூ என்ன பண்ணும் — கேக்கலாம்னு தலையாட்டினது நாந்தானே. ஏன் ஆட்டினேன்?

ஜூன் 22

இன்று பின்னவில்லை.

ஜூன் 26

பத்திரம் எழுத அண்ணனோடு வக்கீலிடம் போனேன். வக்கீல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: தொழிலில் வரும் கடனுக்கு ஒவ்வொரு பாகஸ்தரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. அண்ணன் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, சொந்தச் சொத்துன்னா?"

"உங்க பங்குக் காடு, கிணறு, எல்லாந்தானுங்க."

"இவ காலொறைக்கு என்ற கெணறு ஜவாபுங்களா?"

"கையெழுத்துப் போட்டா, ஆமாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சிரித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

கையெழுத்துப் போடாமலே எழுந்து வந்தார். பஸ்ஸில் சூலூர் வரும்போது சொன்னார்: "நீயே நடத்து அம்மணி. படிச்சவ. எனக்கெதுக்கு இந்த ரோதனை."

அவர் பயந்தது நியாயம்தான். எனக்கும் போக ஒன்று இருக்கிறது, அந்த மிஷின். போனால் என்னால் போகட்டும்.

ஜூன் 27

"சாமி சேரத்தான் சொல்லுச்சு. இவன் கெணத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்துட்டான்" என்று அம்மா. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். பின், நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜூலை 2

பில் புத்தகம் அடிக்கக் கோயமுத்தூரில் ஒரு அச்சாபீஸ். அதன் முதலாளி ஜபருல்லா சாயபு என் பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்.

"பாவாத்தாள். சரிங்க. கீழ என்ன போடட்டுமுங்க அம்மணி? அண்டு கோ? அண்டு பிரதர்ஸ்?"

"ஒண்ணும் வேண்டாங்க."

"பேரு மட்டும்னா தாளு வெறிச்சுன்னு இருக்குமுங்களே."

"எழுத்தப் பெருசாப் போட்டுருங்க."

சாயபு எழுந்து போய், பெரிய எழுத்துகள் இருந்த பெட்டியை இழுத்தார்.