பெரியம்மா தலையில் துணி இல்லை

அம்பிட்டிய

அன்பு மகள் லோஜினிக்கு,

ஜோர்தானில் நீ காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்க அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். இங்கே அண்ணன் ரவிகுமார், பிள்ளைகள் எல்லாரும் சுகம், எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் ஆறவில்லை. வீரம்மா பெரியம்மாவின் சாவு வீட்டு வீடியோவை ரமேஸ் அனுப்பியதும், என் அக்கா தலை ஏன் அப்படி இருந்தது என்று கேட்டாய். அப்போது அண்ணன் பக்கத்திலேயே நின்றான், போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உடம்பைச் சோடித்துப் பெட்டியில் வைக்கும் மலர்ச்சாலைக்காரர்கள் தலை வாருவதற்கு ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். ரமேஸ் கைக்குக் கிடைத்த அம்மாவின் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டான். பெற்றவள் தலைத்துணியைக் கழற்றியது அந்த ஒரு படத்துக்குத்தான் என்று அவன் யோசிக்கவில்லை. அவர்களும் அதில் உள்ளபடியே முடியை வழித்து வாரி, காது தெரியக் கிடத்திவிட்டார்கள். கொழுந்துக் கூடைக் கயிறு தேய்த்துத் தேய்த்து முடி முளைக்காமல் போன உச்சி, லைட் வெளிச்சத்தில் பளபளவென்று தெரிந்தது.

அவளுக்கு எவ்வளவு முடி தெரியுமா! குமரியாக இருந்தபோது ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பனை மடித்துக் கட்டினால் இடுப்பில் இடிக்கும். கண்டி டவுனுக்குப் படம் பார்க்கப் போகும்போது சவுரியை உள்ளே உருட்டி வைத்துப் பன் கொண்டை போடுவாள், பின்னால் இருப்பவர்கள் திரை மறைக்குது என்று ஏசுவார்கள், அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனதும் கொண்டை பிடரிக்கு இறங்கிவிட்டது, உச்சிக்குத் துணியும் கயிறும் வந்துவிட்டன. முடி போனது தெரிந்த பிறகு வீட்டுக்குள்ளேயும் அவள் துணியை எடுக்கவில்லை. செத்துப்போன பெரியப்பாவாவது பார்த்தாரோ என்னவோ.

நான் என் பையிலிருந்த துணியை எடுத்து அவளுக்குக் கட்டப் போனேன். ரமேஸ் கையைப் பிடித்துக்கொண்டான். வேணாஞ் சித்தி, பேங்க்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்திருக்காங்க, இன்னமும் தோட்டத்து ஆளாவா காட்டணும் என்று காதில் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான், அவனோடு என்ன சண்டை போடுவது? பூவையாவது வைத்து மறைக்கலாம் என்றால், தாலியறுத்தவளுக்குப் பூவா என்று சொந்தக்காரிகளே முணுமுணுத்தார்கள். அப்படியே பெட்டியை மூடிவிட்டார்கள். லோஜி, உயிரோடு இருந்தவரை ஒருத்தருக்கும் காட்டாததை ஊரே பார்த்துவிட்டுப் போனது.

எனக்கும் அதே இடத்தில் முடி இல்லை, உனக்குத் தெரியும், என் தலைக்கு எண்ணெய் வைத்தவள் நீ ஒருத்திதான். அண்ணனுக்குத் தெரியாது. பேச்சை எடுத்தாலே, சாவப்பத்தி எதுக்கும்மா பேசுறீங்க என்று எழுந்து போய்விடுகிறான். பெரியம்மாவுக்கே உனக்கு லீவு கிடைக்கவில்லை, என் நேரத்துக்கு மட்டும் கிடைக்குமா? அதனால் அவனிடம் நீதான் பேசவேண்டும். அலுமாரியில் நீலத் துணி மடித்து வைத்திருக்கிறேன். வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவனே கட்டவேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். அண்ணனிடம் பேச மறந்துவிடாதே. கட்டத் தெரியாது என்பான். நான் இருக்கும்போதே வந்து என் தலையில் கட்டிப் பழகச் சொல்லு.

உன் அம்மா,
ராமாயி