அரை லிட்டர் தண்ணீர்

10 ஜூலை 2025, வியாழன்

இன்று நாலாவது கரண்ட். ஏழு மணி பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நின்றுகொண்டே போனேன்.

எதிர் வீட்டு ஜோதிலட்சுமி மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, தெனம் செங்கல்பட்டு ஓடுற?" வேலை கிடைத்திருக்கிறது என்றேன். "அறுபத்தாறு வயசுலயா? இன்னா வேல?" "படுத்துகினே செய்யற வேல." சிரித்தாள். நானும் சிரித்தேன். கர்ப்பப்பை வாயில் கேன்சர் என்று அவளுக்குத் தெரிந்தால் தெருவே சாத்துக்குடியைத் தூக்கிக்கொண்டு வரும். வந்து என்னைப் பார்க்காது, என் வீட்டைச் சுற்றிப் பார்க்கும். வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு என்றே கீர்த்தனா என்று ஒரு பெண் இருக்கிறாள். போன வாரம் சேர்கிறீர்களா என்று கேட்டு, நான் சரி என்றதும் மை டப்பாவைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்தாள். "கையெழுத்து போடுவேம்மா" என்றேன். எட்டுப் பக்கமும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. படித்தது ஐந்தாவதுதான். அதற்காகப் படிக்காமல் போடுவேனா?

விஷயம் இதுதான். கரண்டை, அதாவது கதிர்வீச்சை, நாலு பக்கத்திலிருந்து நேராக விடுவது பழைய முறை. குடலை விட்டு விலகி வளைத்து விடுவது புது முறை. எதில் தொந்தரவு குறைவு என்று பார்க்கிறார்கள். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் போடும். எனக்குப் புதுசு விழுந்தது.

இரண்டு முறைக்கும் ஒரே சட்டம். முதலில் பாத்ரூம் போய்விட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கி உட்கார வேண்டும். மூத்திரப் பை நிரம்பினால்தான் குடல் மேலே ஒதுங்கும். இல்லையென்றால் குடலும் வேகும்.

11 ஜூலை, வெள்ளி

எழுதக் கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகு மெஷின் நின்றுவிட்டது. "அஞ்சு நிமிஷம்மா" என்றார் ஆனந்தன், மெஷின் ஓட்டுகிறவர். ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து. அடக்கினேன். பேர் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

அவ்ளோதான்.

பதினஞ்சு பேரு இருந்தாங்க. ஒரு ஆம்பள ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வெச்சிகினான். தொடைக்க ஒரு பொண்ணு வந்தா. குடு கண்ணு, நானே தொடைக்கிறேன்னு மாப்ப புடுங்கப் போனேன். "பரவால்ல ஆயா, வயசானா அப்பிடித்தான்"ன்னா.

இருபத்திமூன்று வருஷம் ஓட்டலில் அறை அறையாகத் துடைத்தவள் நான். வாந்தி, ரத்தம், பீ, எவன் எவன் அசிங்கமோ. என்னைப் பார்த்து ஒருத்தர் பரவாயில்லை சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தது. உட்காரவில்லை.

14 ஜூலை, திங்கள்

திங்கட்கிழமை மட்டும் கரண்டுக்கு முன்னால் உள்ளே படம் எடுக்கிறார்கள். பை நிரம்பியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடுமாம். இன்று குடித்தேன். உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாகக் கூப்பிட்டார்கள்.

15 ஜூலை, செவ்வாய்

குடிக்கவில்லை. பாட்டிலைக் குழாயடியில் கவிழ்த்தேன். "தண்ணி குடிச்சீங்களாம்மா?" "குடிச்சேன் தம்பி."

எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

16, புதன் — குடிக்கவில்லை.

17, வியாழன் — குடிக்கவில்லை.

18, வெள்ளி

குடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. சும்மா மிரட்டுகிறார்கள்.

19 ஜூலை, சனி

ஓசூரிலிருந்து போன். மருமகள் ஷாரோன், "ரெண்டு வாரம் லீவு போட்டு வரேன் அத்த" என்றாள். வேண்டாம் என்றேன். "தனியா இன்னா பண்ணுவீங்க?" "இருக்கறதத்தான் பண்ணுவேன்." கம்பெனியில் லீவு போட்டு வந்து என் துணியைத் துவைக்கவா?

பேத்தி சிநேகா போனை வாங்கினாள். பள்ளிக்கூட மேடையில் இங்கிலீஷில் பேசி முதல் பரிசாம். எனக்கும் பேசிக் காட்டினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. எங்கேயும் நிற்காமல் பேசினாள். என் பேத்தி.

போனை வைத்த பிறகு வீடு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. இல்லை, பெரிசாக.

20 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் ஜெபத்துக்கு நோயாளிகள் பெயர் வாசித்தார்கள். ஏழு பெயர். என் பெயர் இல்லை. நான்தான் கொடுக்கவில்லையே. பின்னே ஏன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்?

21, திங்கள் — படம். குடித்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

குடிக்கவில்லை.

படாளத்திலிருந்து வசந்தா என்று ஒருத்தி வருகிறாள். அவளுக்கும் இதே வியாதி. புருஷன் தினமும் டிபன் கேரியரோடு கூட வந்து, காரிடாரில் தூங்குகிறார். "யக்கா, உனுக்குப் புது மெஷினு, எனுக்குப் பழசாமே? பழைய கஞ்சிக்கு எத்தினி பேரு, பிரியாணிக்கு எத்தினி பேருன்னு கம்ப்யூட்டரு சீட்டு போட்டு எடுக்குதாம்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "உன்கூட யாரும் வர்லியா?" என்றும் கேட்டாள். எனக்கு எதுக்கு ஆள் என்றேன்.

23, புதன் — குடிக்கவில்லை.

24 ஜூலை, வியாழன்

குடிக்கவில்லை. காலையிலிருந்து வயிறு நாலு தடவை போனது. நேற்றைய குழம்பாக இருக்கும்.

25, வெள்ளி — குடிக்கவில்லை. ஆறு தடவை.

27 ஜூலை, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. குழம்பு இல்லை இது. எனக்குத் தெரியும்.

28 ஜூலை, திங்கள்

படம். குடித்தேன். பஸ்ஸில் போகும்போது வழியில் இரண்டு தடவை இறங்க வேண்டியதாயிற்று. அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ். கண்டக்டர் ஒருத்தர், "இன்னா ஆயா, ஊர் ஊரா எறங்கி ஓட்டு கேக்கிறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

29 ஜூலை, செவ்வாய்

குடிக்கவில்லை. அடக்கினால் வயிறும் சேர்ந்து போய்விடுமோ என்ற பயம்தான் இப்போது காரணம்.

டாக்டர் ஷபானா என் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நாலு கிலோ குறைந்திருக்கிறேன். "இது நிக்கலன்னா ஒரு வாரம் கரண்ட நிறுத்தணும்மா. நிறுத்தினா நோய்க்குத்தான் லாபம்." அப்புறம் என்னிடம் இல்லை, கீர்த்தனாவிடம் சொன்னார்: "புது முறையில இவங்களுக்கு இவ்வளவு வரக் கூடாது. படத்துல பை நிரம்பித்தான் இருக்கு. நாமதான் எங்கயோ தப்பு பண்றோம். திட்டத்த மறுபடி பாக்கணும்." அவர் கண்ணில் தூக்கமே இல்லை.

வெளியே வந்ததும் கீர்த்தனாவைக் கேட்டேன். என் வயிற்றுப்போக்கை எங்கே எழுதுவீர்கள்? "புது முறைக் கணக்குல ஆயா. நாப்பது பேர்ல நீங்களும் ஒருத்தர். ஒவ்வொருத்தர் சொல்றதும் ஏறும்."

30 ஜூலை, புதன்

குடிக்கவில்லை.

பின்னால் ஒரு நாள் அந்த நாற்பதையும் கூட்டிப் பார்ப்பார்கள். புதுசு ஒன்றும் பெரிசு இல்லை, பழசே போதும் என்று ஆகலாம். அப்புறம் வருகிறவள் யாரோ. நெம்மேலி ஊர்க்காரியாக இருக்கும், வேறு எந்த ஊர்க்காரியோ. அவள் குடல் வெந்தால் யார் என்னை வந்து கேட்கப் போகிறார்கள்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதுதான் சோறு இறங்கவில்லை.

சொல்லிட்டா? சொன்னா அந்த டாக்டரம்மா மூஞ்சிய எப்பிடிப் பாப்ப? பொய்க்காரி. அஞ்சாவது படிச்ச கெழவி, ஒரு பாட்டில் தண்ணி குடிக்கத் துப்பில்ல.

எப்பவும் இந்த நோட்டு மட்டும்தான் பேச.

31 ஜூலை, வியாழன்

சொல்லிவிட்டேன்.

கீர்த்தனா வழக்கம்போலக் கேள்வித்தாளை எடுத்தாள். அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதும்மா என்றேன். "நான் தண்ணி குடிக்கறதில்ல. கொட்டிடறேன்."

பேனாவை மூடினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "எத்தினி நாளா ஆயா?" "பத்து." "பத்துன்னு எப்பிடித் தெரியும்?" பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். அவள் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. "நானே படிக்கிறேன்."

டாக்டரைக் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் முன்னால் தேதி தேதியாகப் படித்தேன். பதினைந்து, குடிக்கவில்லை. பதினாறு, குடிக்கவில்லை. கீர்த்தனா எழுதிக்கொண்டே வந்தாள். டாக்டர் ஷபானா கேட்டார்: "ஏன்மா?"

வாயால் சொல்ல வரவில்லை. ஜூலை பதினொன்றைத் திருப்பி அதையும் படித்தேன். மாப்பு வரை. "பரவால்ல ஆயா" வரை. பஸ்ஸில் உட்காராதது வரை.

அப்புறம் டாக்டர், "முப்பது வருஷத்துல எத்தனையோ பேர தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டிருக்கேன். குடிக்க முடியுதான்னு ஒருத்தரையும் கேட்டதில்ல" என்றார்.

ஆராய்ச்சியிலிருந்து அனுப்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவார்களாம், பத்து நாளையும் சேர்த்து. தவறு நடந்தால் எழுதுவதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது. மருந்து கொடுத்தார்கள். இன்று கீர்த்தனா பக்கத்தில் உட்கார்ந்தாள். குடித்தேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

குடித்தேன். எல்லாப் பெண்களையும் கீர்த்தனா தனித்தனியாகக் கூப்பிட்டு, முடிகிறதா என்று கேட்டாளாம். இன்னும் மூன்று பேர் கவிழ்க்கிறவர்கள். வசந்தா பாதிதான் குடிப்பாளாம். "நடவுக்குப் போனா காலைலேர்ந்து பொழுது சாயற மட்டும் அடக்கினவ யக்கா நானு. இங்க இந்த நாற்காலில முடில. எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது."

தினம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அவளும் நானும்.

2 ஆகஸ்ட், சனி

ஓசூருக்கு நானே போன் போட்டேன். ஷாரோன் பதறிப்போய் எடுத்தாள். சிநேகாவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். வைக்கப் போகிற நேரத்தில், "பேஜாரா கீதும்மா. தனியா முடியல" என்றேன். "நாளைக்கு வண்டி ஏறுறேன் அத்த."

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஷாரோன் கூட வருகிறாள். இரண்டு தடவைதான் போனது. இப்போது பாட்டிலை முன்னாடியே கொடுப்பதில்லை. மெஷின் ஓடுகிறது, நம் பேரை எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று உறுதியான பிறகுதான் கொடுக்கிறார்கள். பெண்களுக்கு உள்ளே தனி அறை, நாலு நாற்காலி, பாத்ரூம் பக்கத்தில். தாமதம் என்றால் ஆனந்தன் தானே வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

இருபத்தைந்து கரண்டும் முடிந்தது. நிறுத்தாமல் முடிந்தது. இனி குழாய் வைத்து உள்ளேயே கொடுக்கிற கரண்ட் மூன்று தடவை.

10 நவம்பர், திங்கள்

மூன்று மாதச் செக்கப். ராத்திரி மழையில் செங்கல்பட்டு கொளவாய் ஏரி ரோடு வரை தளும்புகிறது. ஷாரோன் ஓசூரிலிருந்து இதற்கென்று வந்தாள், நாளைக் காலை போய்விடுவாள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு எதுவும் தெரியலம்மா. மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும்" என்றார் டாக்டர் ஷபானா. ஷாரோன் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. எது நல்லது என்று தெரிய இரண்டு வருஷம் ஆகுமாம். கீர்த்தனா புதுத் தாளைக் கொடுத்தாள். நானே படித்து நானே டிக் போடுகிறேன். இருமும்போது, சிரிக்கும்போது சிறுநீர் கசிகிறதா? இல்லை, கொஞ்சம், அதிகம். ஷாரோன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாளை மறைக்கவில்லை. 'கொஞ்சம்' கட்டத்தில் போட்டேன்.

பஸ் ஏறுவதற்கு முன், "ஒரு தபா போய்ட்டு வந்துடறேன்" என்றேன். பையை வாங்கிக்கொண்டு அவள் வெளியே நின்றாள்.