எரிந்த தட்டு

பூந்தமல்லி
14-8-1969

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, இசக்கி வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

பயப்பட ஒன்றுமில்லை, ஒருவரைப் பழிவாங்கிவிட்டேன். வேதியியலில் பையன்களுடைய தப்பான எண்ணம் வெளியே வரட்டும் என்று, சோதனைக்கு முன்பே ஊகம் கேட்டுக் கை தூக்கச் சொல்வேன். போன மாதம் உதவித் தலைமையாசிரியர் பரசுராமன் அதைப் பார்த்துவிட்டு, "நீ வாத்தியாரா, குடுகுடுப்பைக்காரனா?" என்று வகுப்பிலேயே கேட்டார். காத்திருந்தேன்.

நேற்று மறுபடி வந்தார். தராசின் இரு தட்டிலும் சம எடைக்கு இரும்புப் பஞ்சு வைத்து, ஒன்றைக் கொளுத்தினால் என்னாகும் என்றேன்.

"லேசாப் பூடும் சார்," என்றான் வேம்புலி. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று அவரையும் கேட்டேன்.

"எரிஞ்சா எடை குறையும்யா, இதுகூடவா தெரியாது?" என்று அவரும் தூக்கினார்.

எரிந்த தட்டு கீழே இறங்கியது. காற்றின் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்த எடை அது என்றேன்.

"சாரும் நம்ம கட்சிதான்டா," என்றான் வேம்புலி. வகுப்பே சிரித்தது.

"கையை இறக்கலாம் சார்," என்றேன்.

இன்று உப்புக் கரைசலுக்கு ஊகம் கேட்டால் ஒரு கையும் எழவில்லை. "தூக்குனா எங்களையும் அவரு மாரி மாட்டி வுட்டுடுவே சார்," என்கிறான் வேம்புலி. அவர் மேல் எனக்கு இரக்கமில்லை. ஆனால் அடுத்த வகுப்பில் நானே தப்பான பதிலுக்கு முதல் கையைத் தூக்கவேண்டும்.

பருப்புப்பொடி அனுப்புங்கள். ஒருவர் சாப்பாட்டுக்கான சின்னத் தூக்குச்சட்டியும் வேண்டும். ஆசிரியர் அறையில் நேற்றிலிருந்து யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகன்
இசக்கி