பல் டாக்டர் தீர்த்த வால்வுப் பந்தயம்

என் செல்லப் பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் சௌக்கியம். நான்காவது ஆள் யார் என்று யோசிக்காதே, நான், உன் அப்பா, உன் தங்கை குட்டி, அப்புறம் என் ஆம்ப்ளிஃபையர். நால்வரிலும் இப்போது அதற்குத்தான் உடம்பு ரொம்ப நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலையை ஈரத்தோடு முடியாமல், சண்டை போடாத அறைத்தோழியோடு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. ஆம்ப்ளிஃபையருக்குள் பல்பு மாதிரி எரியுமே கண்ணாடி வால்வு, அதைச் சூட்டோடு அவசரத்தில் வெறுங்கையால் பிடித்துவிட்டேன், இரண்டு விரலில் கொப்புளம், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லக் குட்டி எழுதுகிறாள். புத்தகம் படித்துப் படித்து இவளுக்கு என் பேச்சே பிடிக்கவில்லை. நான் 'தொப்பென்று உட்கார்ந்தேன்' என்றால் 'திகைப்புற்று அமர்ந்தேன் என்று போடட்டுமாம்மா' என்கிறாள். எங்கேயாவது அழகான வார்த்தை வந்தால் அது அவளுடையது என்று தெரிந்துகொள்.

எல்லாம் சாக்ஸில் ஆரம்பித்தது. நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய வால்வுகள், மூடிப்போன சினிமாக் கொட்டகையின் புரொஜெக்டர் அறையில் கிடைத்தவை, ரிப்பேர் கடை ரிப்பேர் கடையாக அலைந்து பிடித்தவை எல்லாம் கண்ணாடிச் சாமான் அல்லவா, எதிலாவது சுற்றி வைக்க வேண்டும், உன் அப்பாவின் கம்பளிச் சாக்ஸ் மாதிரி வேறு எது அவற்றுக்கு அளவாக இருக்கும் சொல். அன்றைக்குக் காலையில் அவருக்கு ஆபீசில் கணக்குத் தணிக்கை, அவசரம், இழுப்பறையில் கைக்கு வந்த சாக்ஸை எடுத்துக் காலை விட்டார். உள்ளே ஒரு வால்வு. அது உடையவில்லை, கடவுள் புண்ணியம், ஆனால் அவர் போட்ட கத்தலில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் அம்மா தன் நோயாளியை வாயைத் திறந்தபடியே உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடி வந்தார். வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் முதலில் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. 'என் காலைக் கேக்க மாட்டியா நீ?' என்று ஆரம்பித்தவர், அலமாரி, கட்டிலடி, சமையலறை மேல்தட்டு, குட்டியின் புத்தக அடுக்குக்குப் பின்பக்கம் என்று ஒவ்வொரு இடமாகத் திறந்து காட்டி, 'வீட்ல நாம குடியிருக்கோமா, இதுங்க குடியிருக்கா?' என்றார். நியாயமான கேள்விதான். நீ வேறு போன மாதம் போனில் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு, 'எல்லா வால்வும் ஒண்ணுதாம்மா, வித்தியாசம் உன் மனசுலதான்' என்று சொல்லியிருந்தாய், அதையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே பந்தயம். கூடத்தின் குறுக்கே போர்வையைக் கட்டுவது, அதற்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையரோடு உன் அப்பா, இந்தப்பக்கம் நான். முன்வரிசையில் இருக்கும் சின்ன வால்வு ஒன்றை மட்டும் அவர் மாற்றி மாற்றிப் போடுவார், எது பாடுகிறது என்று நான் காதால் மட்டுமே சொல்ல வேண்டும். ஒரு தடவை தப்பாகச் சொன்னாலும் எல்லா வால்வும் பழைய சாமான் கடைக்கு. எல்லாம் சரியாகச் சொன்னால் இனி அவர் வாயே திறக்கக் கூடாது. நடுவராகப் பல் டாக்டர் அம்மா, அவருக்கு அன்றைக்கு விடுமுறை, காபி டம்ளரோடு வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பேச்சுக்கு ஒத்துக்கொண்டேனே தவிர, அத்தனையும் போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற கவலை வேறு. வால்வுகள் மூன்று, மூன்றுக்கும் நான் வைத்த பெயர்கள் உனக்குத் தெரியும், குண்டு, கறுப்பி, சாம்பல். குண்டு போட்டால் பாட்டு கம்பளி போர்த்திக்கொண்டு வரும். கறுப்பி கணீர் என்று பாடுவாள், ஆனால் இடதுபக்க ஸ்பீக்கரில் கொஞ்சம் கரகரவென்று இருக்கும். சாம்பல் அமைதியானவள்.

முதல் தடவை இசைத்தட்டில் பாட்டுக்காரம்மா வாயைத் திறந்ததுமே 'குண்டு' என்றேன். சரி. அணைத்து, ஆறவிட்டு, கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டு மாற்றிப் போட்டார், வயலின் வந்ததும் 'கறுப்பி' என்றேன். அதுவும் சரி. 'அக்கா, நீங்க சாதாரண ஆளில்ல' என்றார் பல் டாக்டர், போர்வைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. மூன்றாவது தடவை ரொம்ப நேரம் உருட்டினார், தட்டினார், பெட்டியைத் திறந்து மூடினார். பாட்டு வந்தது. இடதுபக்கக் கரகரப்பு அடியோடு இல்லை. அந்த அம்மா பல்லவிக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, 'சாம்பல்! சாம்பலேதாங்க!' என்று கூவிவிட்டேன். போர்வையைத் தள்ளிக்கொண்டு உன் அப்பா குதித்து வந்தாரே பார், கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. 'மாத்தவே இல்ல! கழட்டினேன், அதையே திருப்பி மாட்டினேன்! அதே கறுப்பி!' என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார். நான் தொப்பென்று உட்கார்ந்தேன். குட்டி சிரித்தாள், நடுவர் சிரித்தார், நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய். பேச்சு பேச்சுதான் என்று நானே அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன், அவர் ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய் அடுக்கினார். அதில் முதலில் போனது, இரைச்சல் வருகிறது, செத்துவிட்டது என்று நானே எப்போதோ ஒதுக்கிய வால்வுகளின் பெட்டி.

பாட்டை யாரும் நிறுத்தவில்லை. குட்டிதான் மெதுவாக, 'கறுப்பின்னா கரகரன்னு இருக்கணுமேம்மா, இப்பவும் இல்லியே' என்றாள். எனக்குச் சுரீர் என்றது. அதே வால்வு என்றால் கரகரப்பு எங்கே போயிற்று? அணைத்து, ஆறியதும் கறுப்பியை எடுத்தோம். வால்வின் கால்கள் போய் உட்காரும் சாக்கெட்டில் ஒன்பது குட்டித் துவாரம் உண்டு. இருட்டான ஓட்டையைப் பார்த்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத தொழில் அல்லவா நம் நடுவருக்கு, கீழே போய் டார்ச்சும் நீளக் காம்புள்ள சின்னக் கண்ணாடியும் எடுத்துவந்து ஒவ்வொரு துவாரமாகப் பார்த்தார். 'அக்கா, இது வால்வு வியாதி இல்ல, உங்களுக்கு இங்க நாலஞ்சு சொத்தை இருக்கு' என்றார். உள்ளே கறுப்பாகப் படிந்திருந்தது, கறுப்பியின் கால்கள் மெல்லியவை, அந்த அழுக்கில் சரியாக ஒட்டாமல் கரகரத்திருக்கிறாள். உன் அப்பா கழற்றி மாட்டியபோது வால்வின் கால் உரசி அது கொஞ்சம் சுத்தமாகியிருக்கிறது, அதனால்தான் அந்தத் தெளிவு. பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டிப் பிரஷ் இருக்கிறதே, அதில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒன்பதையும் தேய்த்தார், தேய்க்கும்போது பழக்கதோஷத்தில் 'கொப்பளிங்க' என்று சொல்லிவிட்டார், நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சொத்தை சாக்கெட்டில் என்றால், செத்துவிட்டது என்று நான் ஒதுக்கியவை என்ன பாவம் செய்தன? வாசலுக்கு ஓடி அந்தப் பெட்டியை உள்ளே இழுத்து வந்தேன். ஒன்று போட்டேன், பாடியது. இன்னொன்று, அதுவும் பாடியது. எல்லாம் நன்றாக இருந்தன பெண்ணே, ஒன்றிரண்டு தவிர எல்லாம்! ஆறும்வரை யார் காத்திருப்பது, அந்த வேகத்தில்தான் விரலைச் சுட்டுக்கொண்டேன். அடுத்து யார் ஜெயித்தது என்று சண்டை. 'மாத்தாததை மாத்தினதா நீ சொன்னா தோத்தமாதிரிதானே' என்று அவர், 'மாறினதுதானே கேட்டுச்சு எனக்கு' என்று நான். நடுவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, 'அக்காவுக்குக் காது பாஸ், வைத்தியம் ஃபெயில். அதனால வால்வு இங்கயே இருக்கும், அண்ணன் சாக்ஸ் அண்ணன்கிட்டயே போயிடும்' என்றார். வாசலில் அடுக்கியதை எல்லாம் உன் அப்பாவே திரும்ப உள்ளே சுமந்தார், முனகிக்கொண்டேதான், ஆனால் ஒன்றையும் தட்டாமல் சுமந்தார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து, 'இன்னிக்கு எதைப் போட்டிருக்கே? ஜலதோஷம் பிடிச்சமாதிரி இருக்கே' என்கிறார். குண்டுவை எடுத்துவிட்டேன் என்று நேற்று சாயங்காலம் என்னோடு ஒரு சண்டை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, தானும் கண்டுபிடித்துக் காட்டுவதாகவும், வரும் ஞாயிற்றுக்கிழமை போர்வைக்கு இந்தப்பக்கம் தான் உட்காரப்போவதாகவும் அறிவித்திருக்கிறார்.

(அக்கா, நான் குட்டி. ஒரு நிமிடம். அப்பா குளிக்கும்போது அந்தப் பாட்டைப் பாடுகிறார், மூச்சு இழுக்கிற இடம் உட்பட. இதை அம்மா சொல்லவில்லை, நானே சேர்த்தது.)

கண்ணு, கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா என்று பல் டாக்டர் அம்மா கேட்கச் சொன்னார், வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதே, போய்க் காட்டு. அலுவலகத்தில் உன்னை அதட்டும் அந்த மேலாளரிடம் பதிலுக்குக் கத்தாதே, நிதானமாகச் சொல்லிவிட்டு வா. நீ போகும் இடமெல்லாம் நல்லதே நடக்க வேண்டும், உன் முகத்தில் சிரிப்பு குறையாமல் இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன் நான். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுக்குப் போன் செய்தால் எதையும் உளறிவிடாதே. போர்வைக்குப் பின்னால் நான் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன், நன்றாக உருட்டுவேன், ஆனால் ஒரு வால்வைக்கூடத் தொடமாட்டேன். அன்றைக்கு முழுக்கக் குண்டுதான் பாடப்போகிறாள், இவர் எத்தனை வித்தியாசம் கண்டுபிடிக்கிறார் என்று பார்த்துவிடுகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
(சொன்னபடியே எழுதியது: குட்டி)